பேச்சியம்மாவுக்கு இரண்டு மாத்திரை

பேச்சியம்மாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாள். நான் நர்சிங் படித்துவிட்டு அதே எஸ்டேட்டின் டிஸ்பென்சரிக்கு வேலைக்கு வந்தேன். இருபத்தெட்டு வருஷமாக அவள் ஜன்னலுக்கு வெளியே நிற்பாள், நான் உள்ளே நாற்காலியில் இருப்பேன். அவளுடைய சிறுநீரகம் கெட்டுப்போனதில் என் கைக்குப் பங்கு உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்து உங்களிடம் நல்ல பெயர் வாங்க நான் இதை எழுதவில்லை.

எஸ்டேட்டின் பெயர் வேண்டாம். தேவாலாவிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் உள்ளே இருக்கிறது. ஜூனில் பிடித்த மழை தீபாவளிவரை விடாது. எங்கள் இரண்டு குடும்பமும் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. பேச்சியின் அப்பாவும் என் அப்பாவும் தொழிலாளர் குடியிருப்பில் அடுத்தடுத்த லைன் வீடுகளில் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் கோழி அடித்தால் எங்களுக்கு ஒரு கிண்ணம் வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் அம்மா சுட்ட முறுக்கில் பாதி அங்கே போகும்.

கணக்கில் அவள் கெட்டிக்காரி. அவள் சிலேட்டைப் பார்த்துத்தான் நான் விடை எழுதுவேன். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் கிறிஸ்தவ சபைப் போதகர் கூடலூர் போர்டிங்கில் ஒரு இடம் வாங்கிக் கொடுத்தார். சபைப் பிள்ளைக்கு ஒரு இடம். நான் சபைப் பிள்ளை, அவள் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அவள் மூன்று தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கி வளர்த்துவிட்டு, வயது வந்ததும் பெயர் பதிந்து கொழுந்துக்குப் போனாள். அழகர்சாமியைக் கட்டிக்கொண்டாள். ஃபேக்டரியில் வேலை பார்த்த நல்ல மனுஷன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவரை ஜீப்பில் ஏற்றிக் கூடலூருக்குக் கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே போய்விட்டார். ஒரே மகள் மனிஷா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் பிள்ளைக்குமாக ஒரே அறை.

இனி என் வேலையைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு டிஸ்பென்சரி ஜன்னலைத் திறப்பேன். ஏழரைக்கு மஸ்டர், அதாவது ஆஜர் எடுக்கிற நேரம். அந்த அரை மணிக்குள் நாற்பது பெண்களாவது வந்து போக வேண்டும். உடம்பு முடியவில்லை என்று வருகிறவளின் பெயரை ரிஜிஸ்டரில் எழுதி, பக்கத்தில் ‘சிக்’ என்றோ ‘ஃபிட்’ என்றோ போட வேண்டும். சிக் என்றால் லீவு. ஃபிட் என்றால் மலை ஏற வேண்டும். டாக்டர் புதன்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான் டாக்டர், நான்தான் எமன்.

மாதக் கடைசியில் சிக் எண்ணிக்கை ஆபீசுக்குப் போகும். எங்கள் டிவிஷனில்தான் எப்போதும் குறைவு. “தபித்தாள் சிஸ்டர் இருக்கற வரைக்கும் இங்க நடிப்பெல்லாம் எடுபடாது” என்று பழைய மேனேஜர் ஒரு மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு நான் கால் தரையில் படாமல் வீட்டுக்குப் போனேன். என் கணவர் பிராங்ளினிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். அவர் வாத்தியார். சிவப்பு மையில் மார்க் போடுகிறவர். “அப்ப நிஜமாவே நோவுள்ளவங்க எங்க போறாங்க?” என்று கேட்டார். அந்த மனுஷனுக்கு எதையும் ரசிக்கத் தெரியாது என்று எனக்குக் கோபம் வந்தது.

நிஜமான நோவுள்ளவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கொழுந்துக் காட்டுக்குப் போனார்கள்.

கையால் கொழுந்து கிள்ளிய காலத்தில் விரல்தான் வெடிக்கும். ஆள் குறைந்ததும் கத்தரி வந்தது. தகரப் பெட்டி பொருத்திய பெரிய கத்தரி. நாள் முழுக்க அதைப் பிடித்து வெட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், கொழுந்து முட்டிக்கொண்டு வந்த நேரம், முதல்முறையாகப் பேச்சி ஜன்னலுக்கு வந்து கையைத் தூக்க முடியவில்லை என்றாள். அன்றைக்கு மட்டும் பத்துப் பேர் அதையே சொன்னார்கள். பத்துப் பேருக்கும் சிக் போட்டால் ஆபீசில் என்னைக் கேட்பார்கள். டைக்ளோ டப்பாவைத் திறந்து ஆளுக்கு இரண்டு வலி மாத்திரை கொடுத்தேன். ரிஜிஸ்டரில் ஃபிட் என்று போட்டேன். சாயங்காலம் பேச்சி திரும்பி வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“அடியே தபித்தா, அந்த மாத்திரை ஒரு மாயந்தான்டி. கை எங்கிட்ட இருக்கறதே தெரியல.”

தனியாக இருந்தால் என்னைத் தபித்தா என்றுதான் கூப்பிடுவாள். நாலு பேர் முன்னால் நர்சம்மா. ஒருநாள்கூட இந்த மரியாதை பிசகியதில்லை.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். பிறகு கேட்கவே வேண்டியதில்லை, ஜன்னலில் கை நீளும், நான் இரண்டை வைப்பேன். டப்பா தீர்ந்தால் ஆபீசில் கேள்வி கேட்காமல் வாங்கிக் கொடுத்தார்கள். வேறு எந்த மருந்துக்கும் மூன்று கடிதம் போட வேண்டும். இதற்கு மட்டும் கேட்ட மறுநாளே வந்துவிடும். அதையும் நான் என் சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன்.

இந்த மாத்திரையைத் தண்ணீர் குடிக்காமல் நாள்தோறும் தின்றால் சிறுநீரகம் போய்விடும். பேச்சி தண்ணீர் குடிக்க மாட்டாள். அங்கே யாருமே குடிப்பதில்லை. கொழுந்துக் காட்டில் பெண்களுக்கு ஒதுங்க இடம் இல்லை. எழுதக் கூச்சமாக இருக்கிறது. எல்லோரும் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டுத்தான் இது இப்படியே கிடக்கிறது. மழைக்கு மார்பிலிருந்து முழங்கால்வரை பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியிருப்பார்கள். அதன்மேல் முதுகில் பை. ஒரு தடவை ஒதுங்க வேண்டுமென்றால் அத்தனையும் அவிழ்க்க வேண்டும். அட்டை இல்லாத இடமாக, சூப்பர்வைசர் கண்ணில் படாத பக்கமாக இறங்க வேண்டும். திரும்பி வந்து எல்லாவற்றையும் கட்டுவதற்குள் வரிசை பின்தங்கிவிடும், வசவு விழும். அதனால் விடியற்காலை அரை டம்ளர் கட்டன் சாயா, பால் விடாத டீ. அப்புறம் நாலு மணிக்கு எடை போட்டு முடித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த வாய்.

இதெல்லாம் எனக்கு யாராவது சொல்லித் தெரிய வேண்டுமா? என் அம்மா அதே காட்டில் கொழுந்து பறித்தவள். லீவு நாளில் நான் சோறு கொண்டுபோவேன். தண்ணீர்ச் செம்பை நீட்டினால் உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வாள். ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று லைன் பின்னால் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் காலும் முகமும் வீங்கிச் செத்துப்போனாள். ஏன் வீங்கியது என்று யாரும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவளின் மகள், ஸ்டாஃப் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோய், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, “தண்ணி நெறைய குடிங்க, எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?” என்று இருபத்தெட்டு வருஷம் சத்தம் போட்டேன். “சரிங்க நர்சம்மா” என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அறிவு கெட்ட ஜனம் என்று ஸ்டாஃப் வீட்டுப் பெண்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். லைனில் பிறந்தவள் என்பதை அவர்கள் மறக்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன்.

இதுவரை சொன்னதையாவது பொறுக்கலாம். இனிச் சொல்லப்போவதுதான் பொறுக்க முடியாதது.

நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு முழங்கால் வலி வந்தது. நானும் அதே டப்பாவிலிருந்து அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். பிராங்ளின் வருஷத்துக்கு ஒரு தடவை என்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போய் முழு உடம்பையும் பரிசோதிக்க வைப்பார். அந்த வருஷம் டாக்டர் என் ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் லேசாகக் கூடியிருக்கிறது, வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள், நிறுத்தாவிட்டால் சில வருஷத்தில் டயாலிசிஸ்தான் என்றார். “நர்ஸா இருந்துட்டு நீங்களே இப்படிச் செய்யலாமா?” என்றும் கேட்டார். அன்றைக்கே நிறுத்தினேன். மூன்று மாதத்தில் என் ரத்தம் சரியாகிவிட்டது. ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கைகூடப் போட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்தேன். பேச்சியின் கை நீண்டது. இரண்டு மாத்திரையை வைத்தேன்.

மறந்துபோய் வைக்கவில்லை. டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தது. வைக்கும்போது ஒரு நொடி கை தயங்கியது. பின்னால் வரிசை நின்றது, ஏழு இருபத்தைந்து ஆகிவிட்டது, இவளுக்கு இல்லை என்றால் எல்லோருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டும், அப்புறம் சிக் எண்ணிக்கை எங்கே போய் நிற்கும் என்றெல்லாம் அந்த நொடியில் ஓடியது. வைத்துவிட்டேன். அடுத்த நாள் அந்தத் தயக்கமும் இல்லை. இப்படி நாலு வருஷம். தூக்குப் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது இதை எழுதும்போது.

இந்த வருஷம் ஜனவரியில் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. வெளியிலிருந்து வந்த டாக்டர்கள். அதில் ஜெபிஷா என்று ஒரு சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. பேச்சியின் காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அறிக்கையோடு திரும்ப வந்தாள். ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டிய கிரியாட்டினின் பேச்சிக்கு மூன்றைத் தாண்டியிருந்தது. நான் பக்கத்தில் நின்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, நீங்க தினமும் ஏதாவது மாத்திரை சாப்புடறீங்களா? வலிக்கு, தலைவலிக்கு, எதுக்காவது?”

பேச்சி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் டாக்டர் கண்டுபிடித்திருப்பாள். நேராக அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“ஒண்ணும் சாப்புடறதில்லீங்க. எனக்கு மாத்திரையே ஆகாதுங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா.”

“சத்தியமா இல்லீங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தாள். “சிஸ்டர், இங்கிருந்து ஏதாவது குடுக்கறீங்களா?”

எனக்கு வாய் இருந்தது, நாக்கு இருந்தது. “ரிஜிஸ்டர்ல பாத்துச் சொல்றேன் டாக்டர்” என்றேன். ரிஜிஸ்டரில் மாத்திரைக் கணக்கே கிடையாது என்பது எனக்குத் தெரியும். கூட்டம் அதிகம், பெயர் பெயராக எழுத நேரமில்லை என்று நானே விட்டிருந்தேன். அந்தப் பெண் அறிக்கையில் தன் போன் நம்பரை எழுதிவிட்டு, காரணம் தெரிந்தால் பாக்கி இருக்கிற சிறுநீரகத்தையாவது காப்பாற்றலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பேச்சியின் கை ஜன்னலில் நீண்டது.

நான் டப்பாவைத் தொடவில்லை. “இல்ல பேச்சி. இனி உனக்குக் கெடையாது. டாக்டரம்மா சொன்னதக் கேட்டேல்ல?”

“அவங்க சொல்லிட்டுப் போயிருவாங்க. இன்னிக்கு நாப்பத்திரண்டாம் நம்பர் காடுங்க. செங்குத்தா ஏறணும். குடுங்க நர்சம்மா.”

“முடியாது.”

அவள் ஜன்னல் கம்பிக்கு நெருங்கி வந்தாள். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி குரலை இறக்கினாள்.

“நாந்தான் ஒம்பேரச் சொல்லலியே தபித்தா. அப்புறம் ஏன் தரமாட்டேங்கற?”

என்னைக் காப்பாற்றினால் எனக்கு அவள்மேல் இரக்கம் வரும், மாத்திரை தொடர்ந்து கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி என்று சொன்னேனே, அவள். அந்தக் கணக்கைப் போடவைத்தவள் நான். மாத்திரை இல்லாமல் மலை ஏற முடியாது, ஏறாவிட்டால் ஆஜர் இல்லை, கூலி இல்லை. ஜன்னலில் நிற்கிறவளுக்கு அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை. நான் ரிஜிஸ்டரில் அவள் பெயரை எழுதி, பதினொரு வருஷத்தில் முதல்முறையாக ‘சிக்’ என்று போட்டேன். அவள் என்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மத்தியானம் டாக்டர் ஜெபிஷாவுக்குப் போன் செய்தேன். சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியத்தில் சொன்னேன்.

“எத்தனை வருஷமா சிஸ்டர்?”

“பதினொண்ணு.”

“இது கிட்னிக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் டாக்டர். நாலு வருஷமா நல்லாவே தெரியும்.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அமைதியாக, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். வலி மாத்திரை ஒன்றுகூடக் கூடாது. பிரஷர் மாத்திரை விடக்கூடாது. தாகம் எடுத்தால் அடக்கக் கூடாது, அளவாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கத்தரி வேலை கூடாது. கழிப்பறை இருக்கிற இடத்தில் வேலை. இப்படி இருந்தால் டயாலிசிஸ் இல்லாமலே பல வருஷம் ஓட்டலாம். ஓட்ட முடியாவிட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மலை இறங்கி ஏற வேண்டும், அந்த உடம்பு அதைத் தாங்காது.

இதையெல்லாம் செய்ய எஸ்டேட்டில் ஒரே இடம் கிரெச். தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற இடம். உள்ளேயே குழாய் உண்டு, கழிப்பறை உண்டு. அங்கே பார்த்துக்கொண்டிருந்த பாலாமணி பொங்கலோடு ஓய்வு பெற்றிருந்தாள், இடம் காலியாக இருந்தது. டாக்டரின் கடிதத்தோடு என் கடிதத்தையும் சேர்த்து, பேச்சியம்மாவுக்கு அந்த வேலையைக் கொடுக்கச் சொல்லி ஆபீசுக்கு அனுப்பினேன். இரண்டாம் நாள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

இவர் புது மேனேஜர், நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். மேஜைமேல் என் ரிஜிஸ்டர்கள் அடுக்கியிருந்தன, பதினொரு வருஷத்து ரிஜிஸ்டர்.

“இந்தம்மா பேரு நூத்துக்கணக்கான எடத்துல இருக்கு சிஸ்டர். எல்லாத்துலயும் ஃபிட். உங்க கையெழுத்து. போன வாரந்தான் மொதல் சிக். திடீர்னு கிட்னி போச்சுன்னா, அது அவங்க சொந்த வியாதிதானே? எஸ்டேட் வேலையால வந்தது இல்லைன்னு உங்க ரிஜிஸ்டரே சொல்லுதே.”

“அதுக்கு என்ன பண்ணணுங்க சார்?”

“சொந்த வியாதிக்கு லைட் வேலை மாத்திக் குடுக்க ரூல் இல்லைங்க. முடியலைன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு செட்டில்மென்ட் வாங்கிக்கலாம். வீட்டைக் காலி பண்ண மூணு மாசம் டைம் வாங்கித் தரேன்.”

வேலை போனால் லைன் வீடும் போகும். அதுதான் எஸ்டேட். மலை ஏறினால் சிறுநீரகம் போகும், ஏறாவிட்டால் கூரை போகும். அவளை அந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்தியது என் கையெழுத்து.

“ரிஜிஸ்டர் தப்பாயிருந்தா?” என்றேன்.

மேனேஜர் திறந்திருந்த ரிஜிஸ்டரை மூடினார். “தப்புன்னு யாரு எழுதிக் குடுப்பாங்க சிஸ்டர்? உங்களுக்கு இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் இருக்கு. யோசிச்சுச் செய்யுங்க.”

அவர் மிரட்டவில்லை. என் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு நல்லது செய்ய எப்போதும் யாராவது இருந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். போர்டிங்கில் இடம் வாங்கிக் கொடுத்த போதகர், கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகிற புருஷன், கண்ணாடியைக் கழற்றி எச்சரித்த டாக்டர், இப்போது இவர். பேச்சிக்கு நல்லது செய்யும் இடத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

யோசித்தேன். நான் உத்தமி இல்லை, நாலு நாள் யோசித்தேன். அந்த நாலு நாளும் பேச்சிக்குச் சிக் போட்டேன். ஐந்தாம் நாள் ஜன்னலில் அவளைக் காணோம். மேலே நாற்பத்திரண்டாம் நம்பர் காட்டில் இருக்கிறாள் என்று வரிசையில் நின்ற இசக்கியம்மா சொன்னாள். பஜாருக்கு ஆளனுப்பி மருந்துக்கடையில் அதே மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டாளாம். இப்படியே உட்கார்ந்திருந்தால் வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு மலை ஏறினேன். அந்தக் காட்டுக்குள் நான் கால் வைத்து நாற்பது வருஷம் இருக்கும். முழங்கால் கெஞ்சியது. பேச்சி கத்தரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது.

“எறங்கு. நான் எழுதிக் குடுக்கப் போறேன். பரிசோதிக்காமயே ஃபிட் போட்டேன்னு, வலி மாத்திரை குடுத்துத்தான் வேலைக்கு அனுப்புனேன்னு.”

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவளுக்குக் கோபம் வந்தது.

“ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? ஒன்னத் தூக்கிட்டா வேற ஒருத்தி வருவா. கூடலூர்க்காரியோ ஊட்டிக்காரியோ. எங்க மூஞ்சியக்கூடப் பாக்கமாட்டா. நீ இருக்கறதாலதான் எங்களுக்கு மாத்திரையாவது கெடைக்குது.”

மாத்திரையாவது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நன்றி அதுதான். அதைக் கேட்டு வெட்கத்தில் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் என் கையைப் பிடித்து எழுப்பி, வழுக்குகிற இடத்தில் தாங்கி, கீழே கூட்டிக்கொண்டு வந்தாள்.

அன்று மாலை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். என் பெயர், பதவி, பேச்சியம்மாவின் பெயர், வருஷங்கள், மாத்திரையின் பெயர். காட்டில் கழிப்பறை இல்லை என்பதையும் எழுதினேன். பிராங்ளின் படித்துவிட்டு ஒரே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். ஹெட் ஆபீசுக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று, தொழிற்சங்கத்துக்கு ஒன்று என்று கொடுத்தேன். பத்து நாளில் எனக்கு விசாரணை நோட்டீஸ் வந்தது. இருபதாம் நாள் பேச்சிக்கு கிரெச் வேலைக்கான உத்தரவு வந்தது. டிஸ்பென்சரிக்கு டைக்ளோ வருவது நின்றது.

போன திங்கட்கிழமை அவளைப் பார்க்க கிரெச்சுக்குப் போனேன். தூளியில் இரண்டு குழந்தைகள் தூங்கின. ஒன்று அவள் மடியில் இருந்தது. முகத்து வீக்கம் வடிந்து பழைய பேச்சி தெரிந்தாள். பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் பாதி காலியாக இருந்தது. புதிதாக எடுத்த ரத்த அறிக்கையைக் காட்டினாள். ஏறவில்லை, அதே இடத்தில் நிற்கிறது. டாக்டர் ஜெபிஷா சந்தோஷப்பட்டாளாம். எனக்கு அழுகை வந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி. அதுவும் வந்தது, மறைக்கவில்லை.

பேச்சி குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“இசக்கியம்மாவுக்குக் காலு வீங்கிருக்கு, பாத்தியா?”

“பாத்தேன்.”

“மகாலட்சுமி ரெண்டு நாளா ஒண்ணுக்கே போகலங்குறா. மாத்திரை நீ தராததால எல்லாரும் பஜார்ல வாங்கித் திங்கறாளுக.” குழந்தையை மறு தொடைக்கு மாற்றினாள். “அந்தக் காயிதத்துல எத்தன பேரு எழுதுன?”

நான் பக்கத்துத் தூளியை ஆட்டினேன்.

“எம்பேரு மட்டுந்தானா?”

“ஆமா.”

“நாப்பது பேருக்குக் குடுத்தியே தபித்தா.”

“தெரியும்.”

“ஒன்னோட படிச்சவளுக்கு மட்டும் எழுதிருக்க.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “அவளுகளுக்கும் அதே தோளு, அதே கிட்னிதான?”

சபைப் பிள்ளைக்கு ஒரு இடம் என்று அன்றைக்கு எனக்குக் கிடைத்ததைத்தான் நான் இன்றைக்கு அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். இது அவள் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. ஒருத்தி பெயரை எழுதினால் அது ஒரு நர்சின் தவறு. நாற்பது பேரை எழுதினால் அது எஸ்டேட்டின் தவறு. அதற்கு எஸ்டேட் என்னைச் சும்மா விடாது. இதை யோசித்துத்தான் ஒரு பெயரோடு நிறுத்தினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

ரிஜிஸ்டர்களைத் திரும்ப எடுத்திருக்கிறேன். மாத்திரை கொடுத்து ஃபிட் போட்டது நாற்பத்தொரு பெயர். இசக்கியம்மாவில் தொடங்கி இதுவரை பன்னிரண்டு எழுதியிருக்கிறேன். வரும் வியாழக்கிழமை விசாரணை. அதற்குள் எழுதி முடிக்க நேரம் தாராளமாக இருக்கிறது. பயம்தான் இருக்கிறது.